'பசு பால் தரும்' என்பதை ஆங்கிலத்தில் எழுத வழி ஒன்றுதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி ஆங்கிலத் தேர்வில் 'கௌஸ் கிவ் மில்க்' என்று எழுதியிருந்தாள். பாடநூலில் 'தி கௌ கிவ்ஸ் மில்க்' என்று இருப்பதால், அவ்விடை தவறென்று அடிக்கப்பட்டு, மதிப்பெண்ணும் குறைக்கப்பட்டிருந்தது. நெடுங்காலம் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஓர் இனத்தைப் பற்றிப் பொதுவாகச் சொல்லும்போது ஆங்கிலத்தில் 'கௌஸ்' என்று, 'எ', 'தி' போன்ற ஆர்ட்டிகிள் இல்லாத பன்மையிலும் சொல்லலாம். 'எ கௌ', 'தி கௌ' என்று ஒருமையிலும் சொல்லலாம். அன்றாடப் பேச்சில் மிகுதியாக வழங்குவது பன்மைதான். 'தி' சேர்ந்த ஒருமையில் சற்றே கலைக்களஞ்சிய நடை தெரியும். ஆகவே குழந்தை எழுதியதில் பிழையே இல்லை.

ஆனால், இம்மூன்றும் எல்லா இடங்களிலும் ஒன்றுக்கொன்று மாற்றாக வருவதில்லை. டோடோ பறவை அற்றுப்போனதை 'தி டோடோ இஸ் எக்ஸ்டிங்க்ட்' என்றோ 'டோடோஸ் ஆர் எக்ஸ்டிங்க்ட்' என்றோ எழுதலாமே தவிர, அவ்வாக்கியத்தை 'எ டோடோ' என்று தொடங்கக் கூடாது; ஏனெனில் தனிப் பறவை சாகும், அற்றுப்போவது இனம். அதேபோல் 'தி கௌஸ்' என்று பன்மையோடு 'தி' சேர்ந்தால், முன்பே பேசப்பட்ட குறிப்பிட்ட சில பசுக்களைப் பற்றிய பேச்சாகவே பெரும்பாலும் கொள்ளப்படும். வகுப்பில் நேரம் செலவிட வேண்டியது இத்தகைய நுட்பங்களுக்கே.

நம் பிள்ளைகள் பலர் 'கௌ கிவ்ஸ் மில்க்' என்று வெறும் ஒருமையில் எழுதுகிறார்கள். மனித குலத்தைக் குறிக்கும் 'மேன்' போன்ற சில சொற்களைத் தவிர, எண்ணத்தக்க பெயர் ஆங்கிலத்தில் அப்படித் தனித்து நிற்காது. இப்பிழையைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்வது முறையன்று. தமிழில் 'பசு பால் தரும்' என்றாலே எல்லாப் பசுக்களும் அதில் அடங்கிவிடும். 'மாடு வந்தது', 'மாடு வந்தன' என ஒன்றன்பால் (ஒருமை), பலவின்பால் (பன்மை) ஆகிய இரு பாலுக்கும் பொதுவாக நிற்கும் இத்தகைய சொல்லை நன்னூல் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. எப்போதும் நிகழும் இயல்பையோ 'தரும்' என்ற வினைமுற்றே உணர்த்திவிடுகிறது. தாய்மொழியில் எழாத ஒரு கேள்விக்கு ஆங்கிலம் ஒவ்வொரு முறையும் விடை கேட்கிறது என்பதை ஆசிரியர்கள் முதலில் தமிழிலேயே விளக்கிவிட்டால், பிள்ளைகளுக்குப் பாதிக் குழப்பம் தீரும்.

விடைக்குறிப்பு தயாரிப்பவர்கள், இத்தகைய வினாக்களுக்கு ஏற்கத்தக்க வடிவங்கள் அனைத்தையும் அதில் குறிப்பிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.