வண்ணாரப்பேட்டை பிரவுசிங் சென்டர் அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் புது முகவரி யாரைக் கேட்டும் கிடைக்கவில்லை. எம்.சி. ரோட்டில் உங்கள் கடை இருந்த மாடியில் இப்போது நைட்டி குடோன் இருக்கிறது. கீழே துணிக்கடைக்காரர், "அவரு மாதவரம் பக்கம் போய்ட்டாருப்பா" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. அதனால்தான் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். உங்களைத் தெரிந்த யாராவது காட்டுவார்கள்.

உங்களால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். அது உங்கள் நோட்டு சம்பந்தப்பட்டது. யார் எத்தனை மணிக்கு உட்கார்ந்தார்கள் என்று குறிக்கிற நோட்டைச் சொல்லவில்லை. அதற்கு அடியில் இருக்குமே, பழுப்பு அட்டை போட்ட லாங் சைஸ் நோட்டு, அது. முழுக்க வெப்சைட் முகவரிகள், நீல பால்பாயிண்டில், உங்கள் சாய்ந்த கையெழுத்தில்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள், அப்போது கூகுள் இல்லாததால்தான் நோட்டில் எழுதி வைத்தோம் என்று நினைக்கிறார்கள். கூகுள் 1998-லேயே வந்துவிட்டது. யாஹூவும் அல்டாவிஸ்டாவும் அதற்கும் முன்னாலேயே இருந்தன. ஆனால் எதைப் போட்டுத் தேடுவது? இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால்தானே தேட முடியும்?

கேம்பிரிட்ஜ் காபி ஜாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கம்ப்யூட்டர் ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு காபி ஜாடி. வேறு மாடியில் இருக்கிறவர்கள் இறங்கி வந்து பார்த்தால் காலியாக இருக்கும். இந்த அலைச்சல் வேண்டாம் என்று 1991-ல் ஜாடிக்கு எதிரே ஒரு கேமராவை வைத்துவிட்டார்கள். 1993-ல் அந்தப் படம் இணையத்துக்கு வந்தது. தபால்தலை அளவுக்குக் கறுப்பு வெள்ளைப் படம், அவ்வளவுதான். நமக்குச் சாயங்காலம் ஆறு மணி என்றால் அங்கே மத்தியானம், ஜாடி வேகமாகக் காலியாகிற நேரம். புதிதாக வருகிற யாருக்கும் நீங்கள் முதலில் திறந்து காட்டியது அதைத்தான். "பாரு, இன்னும் கால்வாசி இருக்கு" என்பீர்கள். ஒரு மணி நேரத்துக்கு 30 ரூபாய் வாங்கிக்கொண்டு வெள்ளைக்காரன் காபியைக் காட்டுகிறாரே என்று சிலர் முறைத்தார்கள். எனக்கு என்னவோ, இணையம் என்றால் என்ன என்பதை அதைவிட நன்றாக யாரும் விளக்கியதில்லை. 2001 ஆகஸ்ட் 22-ஆம் தேதி கேமராவை நிறுத்திவிட்டார்கள். அந்த ஜாடி ஏலத்தில் 3,350 பவுண்டுக்குப் போனது. ஜெர்மனியின் ஷ்பீகல் பத்திரிகையின் இணையப் பிரிவுதான் வாங்கியது.

உங்களிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. ஆளைப் பார்த்துத்தான் முகவரி கொடுப்பீர்கள். காசிமேட்டிலிருந்து வருகிற பையனுக்கு வங்கக்கடல் மேகப்படம். ராத்திரியில் மொட்டை மாடியே கதியென்று கிடந்த எனக்கு நாசாவின் தினம் ஒரு வானியல் படம். 1995 ஜூன் 16-ல் தொடங்கிய பக்கம் அது. நெபுலா என்கிற விண்மேகம் ஒன்று மேலிருந்து கீழே, கோடு கோடாக இறங்கி வரும். முதலில் வெறும் கறுப்பு, அப்புறம் ஒரு புள்ளி, அப்புறம் ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு. டெலிபோன் லைன் வழியாகத்தானே அப்போது இணையம், பாதி இறங்குவதற்குள் யாராவது போனை எடுத்துவிட்டால் லைன் அறுந்துவிடும். அந்த வேகத்தை நினைத்து ஏங்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. கொடுமையாக இருந்தது, அவ்வளவுதான்.

எதிர்த் தெரு தமிழ் டீச்சருக்கு மதுரைத் திட்டம். 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகம் முழுக்க இருந்த தமிழர்கள் காசு வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். டீச்சர் சிலப்பதிகாரத்தைத் திறந்தபோது திரை முழுக்கப் புள்ளி வைத்த ஆங்கில எழுத்துகளும் பாதி வெட்டின கட்டங்களுமாக இருந்தது. "இது என்னப்பா, வைரஸா?" என்றார். நீங்கள் மேஜை டிராயரிலிருந்து பிளாப்பியை எடுத்து, கண்ட்ரோல் பேனலுக்குப் போய், இணைமதி எழுத்துருவைப் போட்டுவிட்டுப் பக்கத்தை மறுபடி திறந்தீர்கள். கண்ணகி வந்துவிட்டாள். நாளிதழ் ஒன்றுக்கு ஒரு எழுத்துரு, வார இதழுக்கு வேறொன்று என்று தமிழ் சிதறிக் கிடந்த காலம். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூட்டி, அரசு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரம் வகுத்தது. ஆனாலும் எல்லா மொழிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடு பரவும்வரை உங்கள் பிளாப்பிக்கு ஓய்வு இல்லை.

அப்புறம் ஜன்னலோரக் கம்ப்யூட்டர். ஆள் இல்லாத நேரத்தில் அது வேற்றுகிரகவாசிகளைத் தேடிக்கொண்டிருக்கும். 1999 மே மாதம் பெர்க்லி பல்கலைக்கழகம் தொடங்கிய செட்டி அட் ஹோம். அரெசிபோ தொலைநோக்கி பதிவு செய்த ரேடியோ அலைகளைச் சின்னத் துண்டுகளாக்கி வீட்டு கம்ப்யூட்டர்களுக்கு அனுப்புவார்கள். ஒரு துண்டு 350 கிலோபைட்டைத் தாண்டாது, நம்ம டயல்-அப்புக்கே தாங்கும். திரையில் கலர் கலராக வரைபடம் ஓடும். கரண்ட் பில் ஏறுகிறது என்று அண்ணி திட்டியதும் நினைவிருக்கிறது. 2020 மார்ச்சோடு புதுத் துண்டு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். யாரும் கிடைக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த நோட்டில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் இன்று உயிரோடு இருக்காது. யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சொந்தப் பக்கம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸை 2009-ல் மூடிவிட்டார்கள். பல்கலைக்கழக மாணவர்கள் வைத்திருந்த சொந்தப் பக்கங்கள், படிப்பு முடிந்ததும் போய்விட்டன. ஆனால் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்று ஒரு அமைப்பு 1996 முதல் பக்கங்களைப் பிரதி எடுத்து வைத்து வருகிறது. 2001-லிருந்து யார் வேண்டுமானாலும் அதில் பழைய பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். அதில் ஒரு சிக்கல். பக்கத்துக்குள் என்ன எழுதியிருந்தது என்பதை வைத்துத் தேட முடியாது. சரியான முகவரி கையில் இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பக்கங்கள் ஞாபகம் இருக்கின்றன, முகவரிகள் இல்லை. காற்றாடி கட்டச் சொல்லிக்கொடுத்த ஒரு பக்கம், ரயில் ஹாரன் சத்தங்களைச் சேர்த்து வைத்திருந்த இன்னொன்று, இரண்டையும் எப்படியெல்லாமோ தேடிப் பார்த்துவிட்டேன்.

நோட்டு இன்னும் உங்களிடம் இருந்தால், பக்கம் பக்கமாகப் போனில் படமெடுத்து அனுப்புங்கள் அண்ணா. முகவரிகளை நான் தட்டச்சு செய்து, ஆர்க்கைவில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எது கிடைத்தது எது கிடைக்கவில்லை என்று உங்களுக்கு எழுதுகிறேன். அண்ணி பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். படமெடுக்கும்போது அந்த அலைக்கோடு (~) வருகிற முகவரிகளை மட்டும் கிட்டத்தில் எடுங்கள். எஸ்கேப் கீக்குக் கீழே இருக்கிறது என்று எங்களுக்கெல்லாம் காட்டிக் கொடுத்தீர்களே, அதுதான். உங்கள் கையெழுத்தில் அதற்கும் சாதாரணக் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அன்புடன்,
மூன்றாம் நம்பர் கேபின் பையன்