நாற்பது நிமிடம் நகராத புள்ளி

பாப்பா,

நல்லா இருக்கிறாயா? நீ அனுப்புவதெல்லாம் வருகிறது. ‘ம்’ என்று ஒன்று, ‘சரிம்மா’ என்று ஒன்று, அதற்கு மேல் வருவதில்லை. வேலை அதிகம் என்று அக்கா சொன்னாள், இருக்கும். போனில் பேசினால் நான் ஏதாவது ஒன்றைச் சொல்லி, நீ ‘அப்புறம் பேசறேம்மா’ என்று வைத்துவிடுவாய், அதனால் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. வண்டியில் ஏறியதும் நீ போடுகிறாயே அந்த மேப், அதைப் பற்றித்தான்.

ஓட்டும்போது போனைக் கையில் எடுக்காதே. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேச்சுவாக்கில் மறந்துபோகும்.

அந்த மேப் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு இப்போதுதான் சரியாகப் புரிந்தது. மேலே இருக்கும் சேட்டிலைட் சாலையைப் பார்த்து இங்கே நெரிசல், அங்கே நெரிசல் என்று சொல்வதாகவே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அக்கா பையன்தான் சொன்னான், “பாட்டி, சேட்டிலைட் நீங்க எங்கே இருக்கீங்கன்னு கண்டுபிடிக்க மட்டும்தான், நெரிசலைச் சொல்றது அந்த ரோட்ல போறவங்களோட போன்” என்று. ஒவ்வொரு போனும் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்ற தகவல் போய்க்கொண்டே இருக்கிறதாம், எல்லாமே ஊர்ந்தால் அந்தக் கோடு சிவப்பாகிவிடும். குழி இருக்கிறது, விபத்து நடந்திருக்கிறது, சாலை மூடியிருக்கிறது என்று ஆட்கள் கையால் அழுத்திச் சொல்வது தனி. வேஸ் என்ற ஆப் இந்த மாதிரிதான் இஸ்ரேலில் ஆரம்பித்து வளர்ந்ததாம், 2013-ல் கூகுள் அதை வாங்கியது, இன்றைக்கும் அதன் வரைபடத்தை உட்கார்ந்து திருத்துகிறவர்களில் சம்பளம் வாங்காத சாதாரண ஆட்கள் ஏராளம். முன்னால் போகிற ஒருவர், பின்னால் வரப்போகிற முகம் தெரியாத ஒருவருக்காக ஒரு வார்த்தை விட்டுவிட்டுப் போகிறார். அவன் அதைச் சொல்லி முடித்ததும் எனக்கு அப்பாவின் அந்த இரவுதான் ஞாபகம் வந்தது.

நீ அப்போது இங்கே இல்லை, உனக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா சொன்னதுதான். அவளுக்கும் நான் பாதிதான் சொன்னேன். அப்பா பின்சீட்டில் கதவோடு சாய்ந்து, ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அந்த நிலையிலும் ‘மெதுவா போ, மெதுவா போ’ என்று எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். பாலத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே போன் இடது பக்கம் திரும்பச் சொன்னது. முப்பது வருடமாகப் போய்வரும் பாலம், அது சொல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு நேராகப் போயிருப்பேன். திரையில் பார்த்தால் பாலத்தின் மேல் சின்னதாக ஒரு சிவப்பு வட்டம், தொட்டால் ‘மூடப்பட்டுள்ளது, 6 நிமிடங்களுக்கு முன்’ என்று இருந்தது. அந்த நேரத்தில் யாரோ ஒருவர் பாலம் வரைக்கும் போய், தடுப்பைப் பார்த்துத் திரும்பி, நமக்கென்ன என்று போகாமல் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போயிருக்கிறார். நான் திரும்பினேன். டாக்டர் அப்புறம் சொன்னது உனக்குத் தெரியும். ஆணா பெண்ணா, என்ன வயது, ஒன்றும் தெரியாது, ஆனால் அந்த ஆளை நினைக்காமல் நான் தூங்கப்போவதில்லை. அதனால் அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது, பழைய காலத்து ஆள் என்று நினைத்துவிடாதே.

ஆனால் அது பெரும்பாலும் பார்ப்பது நேரக் கணக்கைத்தான், பாப்பா. 4 நிமிடம் மிச்சமாகும் என்றால் சந்துக்குள் திருப்பிவிடும். அந்தச் சந்தில் விளக்கு இருக்கிறதா, எதிரே ஒரு வண்டி வந்தால் ஒதுங்க இடம் இருக்கிறதா, ராத்திரி பதினோரு மணிக்கு டயர் பஞ்சரானால் தனியாக நிற்கிற பெண் யாரைக் கூப்பிடுவாள், இதையெல்லாம் அதற்கு யார் அழுத்திச் சொல்வார்கள்? அது மட்டும் இல்லை, ஆள் அதிகம் போகாத சாலையில் போன்களும் இருக்காது, அதற்குத் தகவலும் இருக்காது. காலியாக இருக்கிறது என்றால் நல்ல சாலை என்று எடுத்துக்கொள்ளும். 2017 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் காட்டுத்தீ வந்தபோது நடந்ததை அப்பா படித்துக் காட்டினார். நெருப்புக்குப் பயந்து ஆட்களை வெளியேற்றிய தெருக்களில் வண்டியே இல்லை அல்லவா, அதனால் அந்த வழி சுலபம் என்று ஆப்கள் வண்டிகளை அந்தப் பக்கமே அனுப்ப, கடைசியில் போலீஸ்காரர்கள் அந்தப் பகுதியில் ஆப்பைப் பார்த்து ஓட்டாதீர்கள் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. இன்னொன்று 2019-ல், டென்வர் விமான நிலையத்துக்குப் போகிற சாலையில் ஒரு விபத்து, மேப் மாற்றுவழி காட்டியது, கிட்டத்தட்ட நூறு வண்டிகள் வரிசையாக ஒரு மண் சாலையில் இறங்கி, மழைச் சேற்றில் நிறைய வண்டிகள் மாட்டிக்கொண்டன. நூறு பேரில் ஒவ்வொருவரும் முன்னால் போகிறவருக்கு வழி தெரியும் என்று நினைத்திருப்பார்கள். முன்னால் போனவரும் போனைத்தானே பார்த்துப் போனார்.

அதனால் சொல்கிறேன், ராத்திரியில் அது குறுக்குவழி காட்டினால் கேட்காதே. பெரிய சாலையிலேயே வா. அரை மணி நேரம் கூடுதலானாலும் பெரிய சாலையிலேயே வா. புது இடத்துக்குப் போவதாக இருந்தால் கிளம்புவதற்கு முன்னாலேயே முழு வழியையும் ஒரு தடவை விரலால் தள்ளிப் பார்த்துவிடு. அந்தப் பகுதியின் வரைபடத்தையும் போனில் இறக்கி வைத்துக்கொள், சிக்னல் இல்லாத இடத்தில் நெரிசலைச் சொல்லாவிட்டாலும் வழியையாவது காட்டும்.

நம் தெருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீ சைக்கிள் பழகிய தெரு, இப்போது சாயங்காலம் ஆனால் வெளியே கால் வைக்க முடியவில்லை. முனையில் சிக்னலில் கூட்டம் சேர்ந்தால் போதும், மேப் எல்லோரையும் நம் வாசல் வழியாகத் திருப்பிவிடுகிறது, ஒவ்வொருவரும் தவறவிட்ட நிமிடத்தைப் பிடிக்கிற வேகத்தில் வருகிறார்கள், எதிர்வீட்டுக் குழந்தைகள் பந்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டன. நியூ ஜெர்சியில் லியோனியா என்ற சின்ன ஊரில் இதே தொல்லை தாங்காமல் 2018-ல் நெரிசல் நேரத்தில் வெளியாள் வண்டி வரக்கூடாது என்று அறுபது தெருக்களை மூடினார்களாம். நமக்கு அவ்வளவு தூரம் போக முடியாது. நீயும் யாரோ ஒருவருடைய தெருவில் அப்படித்தான் போய்க்கொண்டிருப்பாய், அங்கே மட்டும் மெதுவாகப் போ.

அப்புறம் அந்த அழுத்துகிற வேலை. நல்ல காரியம்தான், யாரோ அழுத்தியதால்தான் அப்பா இன்று செய்தித்தாளை வைத்துக்கொண்டு என்னைப் படுத்துகிறார். ஆனால் ஓட்டிக்கொண்டே அழுத்தாதே. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் போய்விடுகிறது. மூன்று நொடி திரையைப் பார்த்தால் 66 மீட்டர், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியது மாதிரி. வண்டி ஓடும்போது எழுத்து அடிக்க விடாமல் நிறுத்திவிட்டு, ‘நான் ஓட்டுநர் இல்லை, பயணி’ என்று ஒரு பொத்தானைக் காட்டுகிறதே, தனியாகப் போகும்போது அதை அழுத்துகிற பழக்கம் உனக்கு உண்டு, போன தடவை வந்தபோது பார்த்தேன், சொல்லவில்லை. மூன்று தடவை போய் லைசென்ஸ் வாங்கியவள் நான். நீ முதல் தடவையிலேயே வாங்கியவள், மழையில் அந்தச் சந்து முழுவதும் ரிவர்ஸிலேயே வந்து, ஒரு கோடு கூட விழாமல் நிறுத்தியவள். அன்றைக்கு அப்பா எத்தனை பேருக்குப் போன் செய்தார் தெரியுமா? அப்படி ஓட்டுகிற பெண் இதைச் செய்யலாமா?

சரி. அந்த லிங்க்.

நீ கிளம்பும்போது அனுப்புவாயே, நான் கேட்காமலேயே நீயாக அனுப்ப ஆரம்பித்தது. எத்தனை மணிக்குச் சேருவாய் என்று மேலே இருக்கும், கீழே உன் புள்ளி நகர்ந்து வரும். உனக்குச் சொன்னதில்லை, நான் அதை முழுக்கப் பார்ப்பேன். வேலை எல்லாம் முடித்துவிட்டு விளக்கை அணைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, நீ வீடு சேருகிற வரைக்கும். அந்த லிங்க் கடைசியாக வந்து ஐந்து வாரம் ஆகிறது. நானும் கேட்கக்கூடாது என்று இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் புள்ளி நின்றுவிட்டது. கோடு சிவப்பு, அதற்கும் மேலே கரும்சிவப்பு, பக்கத்திலேயே ஒன்றோடு ஒன்று மோதிய இரண்டு கார் படம். பத்து நிமிடம், இருபது நிமிடம், நாற்பது நிமிடம், புள்ளி நகரவில்லை. நான் பதினோரு தடவை கூப்பிட்டேன். நீ எடுத்ததும் என்ன ஆச்சு என்று கேட்காமல் கத்தினேன். ‘எங்கே நின்னுட்டு இருக்கே, யார் கூட இருக்கே’ என்று கேட்டேன். ‘டிராஃபிக்மா’ என்று மட்டும் சொன்னாய். அடுத்த நாளிலிருந்து லிங்க் இல்லை. யார் கூட என்று நான் கேட்டது சந்தேகத்தில் இல்லை, பாப்பா. உன் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் வாயில் அப்படி வந்தது. ஏன் அவ்வளவு பயந்தேன் என்று அப்பாவுக்கே தெரியாது. எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருடம் முன்னால், சித்தி வீட்டிலிருந்து நான் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். பொழுது இறங்கும் நேரம். எதிர்ப்பக்கம் ஒரு பைக் சாய்ந்து கிடந்தது, பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு பையன், இருபது இருபத்திரண்டு இருக்கும், சாலை ஓரத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வேகத்தைக் குறைத்ததும் தலையைத் தூக்கி என் வண்டியைப் பார்த்தான். வேறு ஆள் யாரும் இல்லை. எனக்கு இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும், தனியாக இருக்கிறேன், நின்றால் என்ன ஆகுமோ என்று ஒரு பயம். போனில் ‘விபத்து’ என்று இருப்பதை அழுத்தினேன். எந்தப் பக்கம் என்று கேட்டது. எதிர்ப்பக்கம் என்று ஒழுங்காக அழுத்தினேன். நன்றி என்று வந்தது. போய்விட்டேன்.

அந்தப் பொத்தானை அழுத்தினால் ஆம்புலன்ஸ் கிளம்பாது. பின்னால் வருகிறவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள், இல்லையென்றால் வேறு வழியில் போவார்கள், அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும். ஆம்புலன்ஸுக்கு ஒரு போன் போட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வழியெல்லாம் நான் சொல்லிவிட்டேன், சொல்லிவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். மனது கேட்காமல் வண்டியைத் திருப்பியபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அங்கே பைக் இல்லை, பையன் இல்லை. ‘விபத்து இன்னும் இருக்கிறதா?’ என்று போன் கேட்டது. இல்லை என்று அழுத்தினேன். மண்ணில் அந்த இன்னொரு செருப்பு மட்டும் கிடந்தது.

அவனுக்கு ஒரு அம்மா இருந்திருப்பாள், அவளும் எங்கேயோ மணி பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். உன் புள்ளி நின்ற அன்று அந்த மோதிய கார் படத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. என் பெண்ணைத் தாண்டிப் போகிற யாரோ ஒருவர் அதை அழுத்திவிட்டு, நன்றி வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறார் என்று. அதனால்தான் கத்தினேன். உன்மேல் கோபம் இல்லை.

லிங்க் அனுப்பு என்று கேட்கவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம். உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், வழியில் யாராவது விழுந்து கிடந்தால், இறங்கப் பயமாக இருந்தால் இறங்காதே, ஆனால் வண்டியை முன்னால் ஓரம் கட்டி, ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, அவர்கள் வருகிற வரைக்கும் கதவைப் பூட்டிக்கொண்டாவது அங்கேயே இரு.

போனை மாட்டுகிற ஹோல்டர் ஒன்று கூரியரில் போட்டிருக்கிறேன், அப்பா தேடி எடுத்தது, பிடி நன்றாக இருக்கிறது. கண்ணாடியில் பார்வையை மறைக்கிற மாதிரி ஒட்டாதே, ஏசி காற்று வருகிற இடத்தில் மாட்டு. கிளம்புவதற்கு முன்னாலேயே வழியைப் போட்டுவிடு, சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள், அது வாயால் சொல்லட்டும், நீ சாலையைப் பார். வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும் என்றார்கள். வந்ததும் ஒரு போன் பண்ணு, வந்துவிட்டது என்று மட்டும் சொன்னால் போதும், நான் வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

அம்மா