தலைப்பு கொடுத்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். களியக்காவிளை, அருமனை, குலசேகரம் என்று நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதிகளில் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகள் பலர். பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு அவர்களும் தமிழ் படிக்கிறார்கள். வாசிக்க ஓரளவு வந்துவிடுகிறது. கட்டுரை என்றதும் கை நின்றுவிடுகிறது. 'மழைநீர் சேகரிப்பு' என்று பலகையில் எழுதிப்போட்டு, ஒன்றரைப் பக்கம் எழுதி வா என்றால் பிள்ளை கைடைத்தான் திறக்கும். வேண்டிய சொல் கையில் இல்லை, யாருக்காக எழுதுகிறோம் என்பதும் தெரியாது. அதைச் சோம்பல் என்று திட்டுவது அநியாயம்.

எழுதும் வேலையைக் கொடுக்கிறவர்தான் அதற்கான துணையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஏழாம் வகுப்புக்கு 'ரப்பர் ஷீட் எப்படித் தயாராகிறது' என்ற வேலையை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதும், சிரட்டையில் வடிந்த பாலைச் சேர்த்து வடிகட்டுவதும், தண்ணீரும் ஆசிட்டும் கலந்து உறைய வைப்பதும், ரோலரில் அழுத்திப் புகையில் உலர்த்துவதும் மலையோரப் பிள்ளைகளுக்குக் கண்ணால் கண்ட காரியம். விஷயத்துக்காகத் தவிக்க வேண்டாம். மொழியில் மட்டும் கவனம் வைக்கலாம். கடற்கரைப் பள்ளியானால் நெத்திலிக் கருவாட்டை வைத்துக்கொள்ளலாம்.

வாசகர் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: ரப்பர் மரத்தையே பார்த்திராத ஒரு மதுரைப் பிள்ளை. அப்போதுதான் ஆசிட் எதற்கு என்று விளக்கத் தோன்றும். ஆசிரியருக்காக எழுதினால், 'அவருக்குத்தான் தெரியுமே' என்று பாதியை விட்டுவிடுவார்கள்.

இதற்கு நான்கு பாடவேளை வேண்டும். முதல் வேளையில் மாதிரிக் கட்டுரை ஒன்றை எல்லோரும் சேர்ந்து படிக்கலாம். ரப்பரைப் பற்றியே மாதிரி கொடுத்தால் அப்படியே நகல் வரும். அதனால் கருப்பட்டி காய்ச்சும் முறையைப் பற்றி எட்டு வாக்கியம் போதும். பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது தொடங்கி, காய்ச்சிய பாகைச் சிரட்டையில் ஊற்றுவது வரை. 'முதலில்', 'அதன்பின்', 'இல்லாவிட்டால்', 'ஆறிய பிறகு' போன்ற இணைப்புச் சொற்களைப் பிள்ளைகளே அடிக்கோடிடட்டும்.

அடுத்த வேளையில் பேச்சு. இரண்டிரண்டு பேராக ஒருவருக்கொருவர் செய்முறையைச் சொல்ல வேண்டும். தமிழ்ச் சொல் வராத இடத்தில் மலையாளம் வந்தால் தடுக்க வேண்டாம். தேவைப்படும் சொற்களைப் பலகையில் சேருங்கள், பதினைந்து போதும். இங்கேதான் பெரும்பாலும் தவறு நடக்கிறது: பட்டியல் முழுக்கப் பெயர்ச்சொல்லாக இருக்கும். மரம், பால், கத்தி எல்லாம் அந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவை. மலையாளத்தில் 'அவன் வந்நு', 'அவள் வந்நு' என்று வினை மாறுவதே இல்லை. அதனால்தான் 'அக்கா பால் வெட்டினான்' என்ற வாக்கியம் பிறக்கிறது. பட்டியலில் பாதியாவது வினைச்சொல் இருக்கட்டும். 'வெட்டினேன், வெட்டினாள், வெட்டினார், வெட்டினார்கள்' என்று விகுதியோடு இருக்கட்டும்.

மூன்றாம் வேளையில் வகுப்பிலேயே முதல் வரைவு. வீட்டுக்குக் கொடுத்தால் அம்மாவின் கையெழுத்துத்தான் வரும். 'பால் உறைவதற்காக...', 'ஷீட் காய்ந்ததும்...' போன்ற வாக்கியத் தொடக்கங்கள் ஐந்தாறு கொடுக்கலாம்.

நான்காவது, திருத்தம். எல்லாப் பிழையையும் சிவப்பு மையால் வட்டமிட்ட நோட்டை எந்தப் பிள்ளையும் இரண்டாம் தடவை திறப்பதில்லை. ஒரு முறைக்கு இரண்டு வகைப் பிழை போதும். மலையாளத்தில் 'ந', 'ன' இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து. ஆகவே 'நநைந்தது' வரும். 'மல', 'தல' என்று பேசிப் பழகியதால் 'மலை', 'தலை' எழுதும்போது ஐகாரம் விழுந்துவிடும். (ல, ள, ழ வேறுபாடு இந்தப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும். அதைப் பாராட்டுங்கள்.) பிழையின் கீழ் கோடு மட்டும் போடுங்கள், சரியான வடிவத்தைப் பிள்ளையே எழுதட்டும். 'வெள்ளம் குடித்தேன்' என்று எழுதினால் சிரிக்காதீர்கள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்.

பத்து மதிப்பெண்ணின் கணக்கையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்: வரிசை மாறாத செய்முறைக்கு 4, வாசகருக்குப் புரியும் விளக்கத்துக்கு 2, வினை விகுதிக்கு 2, எழுத்துப் பிழை இல்லாமைக்கு 2.

ஒரு எச்சரிக்கை. துணையை நீக்காமலே போனால் நாற்பது நோட்டிலும் ஒரே கட்டுரை இருக்கும். அடுத்த வேலையில் வாக்கியத் தொடக்கங்களை எடுத்துவிடுங்கள், அதற்கடுத்ததில் சொற்பட்டியலை. மாதிரிக் கட்டுரை மட்டும் கடைசிவரை இருக்கலாம்.

வேலைக்காக வந்த வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு இது போதாது. அவர்களுக்குப் படங்களை வரிசைப்படுத்தி, படத்துக்கு ஒரு வாக்கியம் என்றுதான் தொடங்க வேண்டும்.

பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் அவர்கள் வகுப்புக்கு ஒரு வேலையை இப்படி மாதிரிக் கட்டுரை, சொற்பட்டியலோடு தயாரித்துப் பகிர்ந்துகொண்டால், ஒரு கல்வியாண்டுக்குள் ஆறு முதல் ஒன்பது வரை எல்லா வகுப்புக்கும் கையில் கிடைத்துவிடும். கல்வித் துறை அதற்கு அரைநாள் ஒதுக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தமிழாசிரியர்கள் சிலர்,
குழித்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.