ஃபேனை நிறுத்திவிட்டு ஆடிய போர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய வீடியோ கேம்கள் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையில் ‘எண்ட்வார்’ விட்டுப்போனது எனக்குக் குறையாகப் பட்டது. யூபிசாஃப்டின் ஷாங்காய் ஸ்டுடியோ 2008இல் கன்சோலுக்கும், மறு வருடம் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்த விளையாட்டு அது. 2020இல் அமெரிக்கா, ஐரோப்பா, ரஷ்யா மூன்றும் மோதிக்கொள்ளும் மூன்றாம் உலகப் போர். கதை கிடக்கட்டும். படையை வாயாலேயே நடத்தலாம் என்பதுதான் விசேஷம். யார், என்ன, எங்கே என்ற வரிசையில் ‘யூனிட் டூ, அட்டாக், ஹாஸ்டைல் ஒன்’ (இரண்டாம் படை, தாக்கு, முதல் எதிரியை) என்றால் டாங்கி கிளம்பிவிடும்.

எங்கள் வீட்டில் லேசில் கிளம்பவில்லை. மைக்கில் ஃபேன் சத்தம் விழுந்தால் அதற்கு ஒன்றும் புரியாது. ஆகவே சத்துவாச்சாரி மே மாத வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டு, பனியன் முதுகில் ஒட்ட, அதனிடம் மன்றாடிக்கொண்டிருப்பேன். என் ‘த்ரீ’யை அது ஒருநாளும் மதித்ததில்லை.

அப்பா ராணுவத்தில் தகவல்தொடர்பைக் கவனிக்கும் சிக்னல்ஸ் பிரிவில் இருந்தவர். சொந்த ஊர் கம்மவான்பேட்டை. பட்டாளத்துக்கு ஆள் அனுப்புவதில் பேர்போன ஊர் என்பது வேலூர்க்காரர்களுக்குத் தெரியும். ஒருநாள் வாசற்படியில் நின்று பார்த்தவர், “இன்னாடா அதுகிட்ட கெஞ்சிக்கினு கீற? ஆர்டர்னா இப்டியா குடுப்பாங்க?” என்று ஹெட்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டார். ‘யூனிட் த்ரீ, மூவ் டு, பிராவோ.’ ஒரே தடவைதான். ஹெலிகாப்டர்கள் திரும்பிப் பறந்தன. விளையாட்டில் இடங்களுக்கு வைத்திருந்த ஆல்ஃபா, பிராவோ, சார்லி எல்லாம், ஏ, பி, சி என்பதற்குப் பதிலாக வயர்லெஸ்ஸில் அவர் வருடக்கணக்காகச் சொன்ன வார்த்தைகள். அன்று ராத்திரி சோறு ஆறிப்போனதற்கு அம்மா திட்டியது எங்கள் இருவரையும்.

ஆனால் ஹெலிகாப்டர் டாங்கியை அடிக்கும், டாங்கி கவச வண்டியை அடிக்கும், கவச வண்டி ஹெலிகாப்டரை அடிக்கும் என்ற கணக்கை மட்டும் அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. “எவன்டா எழுதனான் இத?”

அந்த விளையாட்டு நாம் பேசுவதையெல்லாம் புரிந்துகொள்ள முயலவில்லை. குறிப்பிட்ட சில வார்த்தைகளுக்கு மட்டும் காதைத் தீட்டி வைத்திருந்தது. அதனால்தான் அந்தக் காலத்திலேயே ஓடியது. இன்று போனிடம் தமிழில் பேசினால் எழுதியே காட்டுகிறது. ‘மூன்றாம் படை, தாக்கு’ என்றால் நகர்கிற ஒரு விளையாட்டை நம் பிள்ளைகள் யாரும் செய்யக் காணோம். செய்தால் உங்கள் பத்திரிகையில் ஒரு வரி போடுங்கள். ஹெட்செட் இன்னும் பரண்மேல் இருக்கிறது, ஸ்பாஞ்சுதான் உதிர்ந்துவிட்டது.

வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.