மழைத் தண்ணீரைக் கழிவறை லைனில் விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குன்னூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பிளம்பிங் வேலை செய்பவன் நான். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் என் போனுக்கு ஓய்வே இருக்காது. "கக்கூஸ் அடைச்சுக்கிச்சு, உடனே வாங்க" என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பல வீடுகளில் அடைப்பே இருக்காது. கூரைத் தண்ணீரைக் கழிவறை லைனோடு சேர்த்துவிட்டிருப்பார்கள், அதுதான் கோளாறு. மலை ஊர்களில் வீடு கட்டுகிறவர்களும் வாடகைக்கு விடுகிறவர்களும் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் வீடுகள் சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிற்கின்றன. மழைத் தண்ணீருக்குத் தனியாக வழி எடுக்க இடமும் இருக்காது, கீழ் வீட்டுக்காரர் சம்மதமும் லேசில் கிடைக்காது. அதனால் கூரையிலிருந்து இறங்கும் குழாயை, பக்கத்தில் போகும் 4 அங்குலக் கழிவுக் குழாயில் ஒரு டீ (மூன்று வாய் உள்ள இணைப்பு) போட்டு மாட்டிவிடுகிறார்கள். பார்வைக்கு வேலை சுத்தமாகத்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 சதுர அடித் தகரக் கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 550 லிட்டர். ஒரே ராத்திரியில் 10 சென்டிமீட்டர் கொட்டினால் 5,500 லிட்டர். 5 பேர் உள்ள வீட்டுக்குக் கட்டும் செப்டிக் டேங்க் பிடிப்பதே 1,000 லிட்டருக்குச் சற்று மேல்தான். கழிவு ஒரு நாளாவது அசையாமல் நின்றால்தான் கசடு அடியில் தங்கும். இவ்வளவு தண்ணீர் ஒரேயடியாகப் பாய்ந்தால் தங்கிய கசடும் கலங்கி, டேங்க் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழிக்குப் போய்விடும். குழியைச் சுற்றியுள்ள மண் அந்தக் கசடால் அடைபட்டுவிட்டால், அப்புறம் வெயில் காலத்திலும் தண்ணீர் இறங்காது.

மண் ஊறினால் தடுப்புச் சுவருக்கும் ஆபத்து. 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண்சரிவில் 40-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். சரிவில் இருந்துகொண்டு தண்ணீரை எங்கே விடுகிறோம் என்பதில் அலட்சியம் கூடாது.

போன மழைக்கு வண்டிச்சோலைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். கீழ்த்தளத்தில் வயதான அம்மா ஒருவர் மகளோடு வாடகைக்கு இருக்கிறார். பாத்ரூம் தரையில் தண்ணீர் இறங்கும் நானி ட்ராப் வழியாகத் தண்ணீர் பொங்கிக் கூடத்து வாசல் வரை வந்திருந்தது. நான் போவதற்குள் ஆசிட் ஊற்றியாகிவிட்டது. முன்பே வந்து பார்த்தவர், கழிவறைப் பீங்கானையே பெயர்த்தெடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"மழை இல்லாத அன்னைக்கு எப்படிம்மா போகுது?" என்று கேட்டேன்.

"அன்னைக்கெல்லாம் நல்லாத்தான் போகுதுப்பா. மழை வந்தாத்தான் இந்தக் கூத்து."

வெளியே போய், கழிவுக் குழாய்கள் வந்து சேரும் சின்னத் தொட்டியான சேம்பரின் மூடியை நெம்பித் திறந்தேன். உள்ளே வேகமாக ஓடியது கிட்டத்தட்ட தெளிந்த தண்ணீர். அதில் சில்வர் ஓக் இலைகள், அடிப்பக்கத்து வெள்ளை கூட மங்காமல் சுழன்றுகொண்டிருந்தன. சில்வர் ஓக் இலை கழிவறை வழியாக வராது, கூரையிலிருந்துதான் வரும். மேல்தளத்துக் கூரைக் குழாயை லைனிலிருந்து கழற்றி, ஒரு நீளக் குழாய் போட்டுப் படிக்கட்டோரக் கால்வாயில் விட்டோம். மழை விடவில்லை, ஆனால் பாத்ரூமில் நின்ற தண்ணீர் இறங்கத் தொடங்கியது. பீங்கானில் யாரும் கை வைக்கவே இல்லை.

உடைப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் தேங்கினால் கோளாறு அந்த இடத்து ட்ராப்பில் அல்லது அதை ஒட்டிய குழாயில். கழிவறையில் ஃப்ளஷ் அடிக்கும்போது பாத்ரூம் ட்ராப்பில் குமிழி வந்து தண்ணீர் மேலேறினால் கோளாறு பொது லைனில். சேம்பரைத் திறந்தால் மீதியும் தெரியும்: சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம், நிரம்பி நின்றால் அதற்கும் அப்பால். தண்ணீர் நன்றாகப் போகிறது, ஆனால் குளுக் குளுக் என்ற சத்தமும் நாற்றமும் வருகிறது என்றால் லைனுக்குள் காற்று போய்வர மேலே நீட்டிவிட்டிருக்கும் காற்றுக் குழாயின் வாயில் இலையோ பறவைக் கூடோ இருக்கிறதா என்று பாருங்கள். சீசனுக்கு மட்டும் திறக்கும் காட்டேஜ்களில் நாற்றம் அடித்தால் பெரும்பாலும் நாற்றத்தைத் தடுக்க ட்ராப்பில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு மக் தண்ணீர் ஊற்றினால் போதும்.

ஆசிட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அது துணியையும் முடியையும் கரைக்காது, சமையலறை எண்ணெய்ப் பிசுக்கையும் கரைக்காது. டேங்கில் கழிவை மக்க வைக்கும் கிருமிகளைக் கொல்லும், சிமென்டை அரிக்கும். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். நம் ஊர்க் குளிரில் ஜன்னல் எல்லாம் சாத்திய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. என்னைக் கூப்பிடுகிறவர்கள் ஆசிட் ஊற்றியிருந்தால் தயவுசெய்து முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் குழாயைக் கழற்றும்போது அது எங்கள் முகத்தில்தான் தெறிக்கும்.

உங்கள் வீட்டு லைன் எப்படி என்று தெரியாவிட்டால், மழை இல்லாத நாளில் ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் கேசரிப் பவுடர் கலந்து கூரைக் குழாயில் ஊற்றுங்கள். சேம்பரில் கலர் தண்ணீர் வந்தால் லைன் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மழை தொடங்குவதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். ஒரு பிளம்பருக்கு அது பெரிய வேலை இல்லை.

ஊட்டியில் பாதாளச் சாக்கடை இருக்கும் தெருக்களிலும் இதே கதைதான். கூரைத் தண்ணீர் சேர்ந்து மேன்ஹோல் பொங்கி, அது கோடப்பமந்து கால்வாயில் கலந்தால் கடைசியில் ஏரிக்குத்தான் போகும்.

இன்னொரு கவலையும் இருக்கிறது. டேங்க் நிரம்பினால் கழிவு உறிஞ்சும் லாரியைத்தான் கூப்பிட வேண்டும். அதற்கு 14420 என்ற எண் இருக்கிறது. ஆனால் ரோட்டிலிருந்து நிறையப் படி இறங்க வேண்டிய வீடுகளுக்கு லாரியின் குழாய் எட்டாது. அங்கேதான் யாராவது ஒரு கூலி ஆளை உள்ளே இறக்கிவிடலாம் என்ற பேச்சு வருகிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். டேங்கில் நிற்கும் விஷவாயு மூச்சுக்கு அவகாசமே கொடுக்காது. அப்படிக் கேட்கிறவர்களிடம் நான் ஒத்துக்கொள்வதும் இல்லை, வேறு ஆளைக் காட்டுவதும் இல்லை.

நகராட்சிகளும் பேரூராட்சிகளும் மலைக்கென்று சின்ன வண்டியும் நீளக் குழாயும் வாங்க வேண்டும். வீட்டு வரைபடத்துக்கு அனுமதி தரும்போதே மழைத் தண்ணீர்க் குழாய் தனியாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு படிக்கட்டோரக் கால்வாய்களை வருஷா வருஷம் செப்டம்பருக்குள் தூர்வாரிக் கொடுக்க வேண்டும். கூரைத் தண்ணீரைப் பிரித்து எடுத்தாலும் அதைக் கொண்டுபோய் விட ஒரு இடம் வேண்டும் அல்லவா?

இப்படிக்கு,
ஒரு பிளம்பர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.