தோட்டம் வாங்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

உன் பணிவிலகல் கடிதத்தின் நகலையும், ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் விலைக்கு வந்திருக்கும் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டத்தின் படங்களையும் ஒரே நாளில் அனுப்பியிருந்தாய். முதலாவதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருந்துவிட்டு, நாற்பத்தெட்டாவது வயதில் எழுந்து வந்தவள் நான். நாற்பத்தேழு வயதில் நீ எழுந்து வரக் கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. இரண்டாவதைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேலையை விடு, தோட்டத்தை வாங்காதே. காப்பியைப் பூக்க வைக்கும் ஒரு பூமழையையும் ஒரு பறிப்பையும் இந்த மலையில் வாடகைக்குக் குடியிருந்து பார்த்து முடிக்கும்வரை வாங்காதே.

அந்தப் படங்கள் எப்போது எடுத்தவை என்பது பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால், அடுத்த எட்டுப் பத்து நாட்களில் காப்பிச் செடியின் கிளைகள் முழுவதும் வெள்ளைப் பூவாகிவிடும். மல்லிகைப் பந்தலுக்கு அடியில் நிற்பதுபோல் தோட்டமே மணக்கும். சில நாட்களில் பூ வாடிவிடும் என்றாலும், அந்தச் சில நாட்களில் எந்தத் தோட்டத்தைக் காட்டினாலும் சமவெளியிலிருந்து வந்தவர்கள் முன்பணம் கொடுத்துவிடுவார்கள். தரகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2017-இல் நான் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்ததும் அதே பூவைப் பார்த்துத்தான்.

அதன் பிறகு நடந்ததை உன்னிடம் இதுவரை முழுதாகச் சொன்னதில்லை. பூ உதிர்ந்த சில வாரங்களில், தோட்டத்தில் வேலைக்கு வந்த ஒரு பாட்டி செடியின் தண்டைத் தடவிப் பார்த்துவிட்டு, பட்டைக்கு அடியில் வரிவரியாக மேடு தட்டுகிறதா என்று என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். தண்டுத் துளைப்பான் வண்டின் புழு உள்ளே புகுந்திருந்தது. அப்படிப்பட்ட செடியை மருந்தடித்துக் காப்பாற்ற முடியாது. மற்றச் செடிகளுக்குப் பரவாமல் இருக்க வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட செடிகளை எரித்தோம். புதிதாக அராபிகா நாற்று நட்டால் முதல் காய்ப்பைப் பார்க்கவே மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். நான் எடுத்திருந்த குத்தகையோ மூன்று ஆண்டுகளுக்கு!

பறிப்புக் காலம் இன்னொரு பாடம். நவம்பரில் தொடங்கும் பறிப்பில் எல்லாப் பழமும் ஒன்றாகச் சிவப்பதில்லை. ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை திரும்ப வர வேண்டும். நம் தோட்டத்தில் பழுத்திருக்கும் வாரத்தில்தான் மலை முழுவதும் பழுத்திருக்கும் என்பதால், ஆள் கிடைப்பது நாம் அதுவரை ஊரில் எப்படி நடந்துகொண்டோம் என்பதைப் பொறுத்தது. பறித்த பழத்தை அன்றைக்கே பல்ப்பரில் போட்டுத் தோல் நீக்கி, ஊற வைத்து, கழுவி, களத்தில் காய வைத்தாக வேண்டும். களத்தில் காயும்போது டிசம்பர் மழை வந்தால் நள்ளிரவிலும் எழுந்து ஓட வேண்டும். இத்தனைக்கும் பிறகு ஏறத்தாழ ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ கொட்டை மிஞ்சும். கணக்கில் கெட்டிக்காரி என்ற இறுமாப்போடு மலையேறியவள், இந்த ஆறுக்கு ஒன்று என்ற கணக்கைக் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் என்னை அதிகம் வாட்டியது பணநஷ்டம் இல்லை. அலுவலகத்தில் பத்துப் பேர் என் கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள். இங்கே எந்தக் கிளையை வெட்டுவது, எதை விடுவது என்று தெரியாமல் கவாத்துக் கத்தியோடு நின்ற என்னைப் பார்த்து, பள்ளிக்கூடம் போகும் பெண் ஒருத்தி சிரித்துவிட்டுப் போனாள். நாற்பத்தெட்டு வயதில் ஒன்றும் தெரியாதவளாக நிற்பது எப்படிப்பட்டது என்பதை அனுபவித்துப் பார்க்காமல் சொல்லிப் புரியவைக்க முடியாது. உனக்குக் கீழே முப்பது பேர் வேலை செய்கிறார்கள். இதை நீ எப்படித் தாங்குவாய் என்பதைப் பற்றித்தான் எனக்குக் கவலை; உன் சேமிப்பைப் பற்றிக்கூட அவ்வளவு இல்லை.

அந்தப் பாட்டி இந்த மலையின் மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். (பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிடாதே; மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள்.) காஞ்சிபுரத்திலிருந்து முன்னொரு காலத்தில் கிளம்பி வந்த மூன்று அண்ணன் தம்பிகளில் மூத்தவர் ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையிலும், நடுவில் பிறந்தவர் பச்சைமலையிலும், இளையவர் கொல்லிமலையிலும் தங்கிவிட்டார்கள் என்பது அவர்களுடைய பழங்கதை. பழம் பொறுக்கிக்கொண்டே பாட்டி இதைச் சொன்னபோது, நாங்களும் சமவெளியிலிருந்து வந்தவர்கள்தான், உனக்கு மட்டும் என்ன அவசரம் என்று கேட்பதுபோல் இருந்தது.

இனி உன் பணத்தைப் பற்றி. பணிக்கொடையையும் வருங்கால வைப்பு நிதியையும் சேர்த்து எடுத்துத் தோட்டத்தில் போடப்போவதாக எழுதியிருக்கிறாய். வைப்பு நிதியைத் தொடாதே. அதோடு சேர்ந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டத்திலும் பத்து ஆண்டுகளைத் தாண்டியவன் நீ. 58 வயதில் முழு ஓய்வூதியம் வரும், 50-இலேயே கேட்டால் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய் என்பதால், வரப்போவது மாதம் சில ஆயிரங்கள்தான் என்பதையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள். நிறுவனம் எடுத்திருக்கும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். உனக்குச் சர்க்கரை இருக்கிறது. விலகிய பிறகு புதிதாக விண்ணப்பித்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் வைப்பார்கள். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் காப்பீட்டுக்கு மாற வழி உண்டா என்று வேலையில் இருக்கும்போதே மனிதவளப் பிரிவில் எழுதிக் கேள்.

அந்த மூன்று ஏக்கருக்கு வில்லங்கச் சான்று மட்டும் போதாது. பழங்குடியினருக்கு அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா நிலமாக இருந்தால் வெளியார் வாங்குவது செல்லாது. பட்டா சரியாக இருந்தாலும், மலைக்கிராமத்தில் வீடு கட்டத் தனி அனுமதி வாங்க வேண்டியிருக்கும். விலை ஏன் இவ்வளவு குறைவு என்று நீ வியந்திருக்கிறாய். நான் வியக்கவில்லை, சந்தேகப்படுகிறேன்.

நான் இப்போது மலைமேல் இல்லை என்பது உனக்குத் தெரியும். குத்தகை முடியும் முன்பே, மாமியாருக்கு அடிக்கடி மருத்துவமனை தேவைப்பட்டதால் சேலத்தை ஒட்டிய கண்ணங்குறிச்சிக்கு இறங்கி வந்தோம். அப்போது தோற்றுவிட்டதாக அழுதேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது, மாமியார் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு வாரம் ஒரு நாள் மேலே போய், தெரிந்த நாலைந்து தோட்டக்காரர்களிடம் பிளான்டேஷன் ஏ, பீபெர்ரி என்ற இரண்டு தரக் காப்பிக் கொட்டைகளையும் வாங்கி வந்து, வறுத்து அரைத்து விற்கிறேன். பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. பழைய வேலைக்குத் திரும்புவாயா என்று கேட்டால் மாட்டேன்.

உன் கடிதத்தில் உன் மனைவியைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: “அவளும் சம்மதித்துவிட்டாள்.” அவளிடம் கேட்டாயா, சொன்னாயா? அவளுடைய வேலை சென்னையில் இருக்கிறது, பெண்ணுக்கு அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு. அந்த ஓராண்டு நீ மட்டும் இங்கே வந்து ஒரு சிறிய வீட்டில் இருப்பது இருவருக்கும் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. இதை அவளிடம் காட்டி, அவள் சொல்வதை எனக்கு அப்படியே எழுது.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை வந்துவிட்டுப் போ. இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியுமுன் சேலத்தில் இறங்கலாம்; பெயர்தான் ஏற்காடு, வண்டி மலையேறாமல் ஈரோட்டுக்குப் போய்விடும், தூங்கிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், இருபது கொண்டை ஊசி வளைவிலும் சுற்றுலா வண்டிகள் நிற்கும். செவ்வாய்க்கிழமை வா. அன்று எனக்கு வறுவல் நாள். காலையில் மூட்டை இறக்க ஓர் ஆள் குறைகிறது, மதியத்துக்குமேல் பேருந்தில் மலைக்குப் போய் அந்தப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு உன் மூன்று ஏக்கரின் தண்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டு வரலாம்.

அன்புடன்,
அக்கா