செயலாளரின் ஆண்டறிக்கை

நம் தாவரச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொதுக்குழு வழக்கம்போல் கூடியது. வசந்தகால மலர் நடைக்குக் கூட்டத்துக்குக் குறைவில்லை. கோடையில் கலிஃபோர்னியாவின் பொரேகோ பாலைவன வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதால் களப்பணி இல்லை.

இனி பொரேகோ பெட்ஸ்ட்ரா என்னும் செடி. செயலாளர் ஒரே செடியைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று சிலர் பேசிக்கொள்வது காதில் விழுந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கேலியம் அங்குஸ்டிஃபோலியத்தின் இந்தத் துணையினம் ஆன்சா-பொரேகோ பாலைவனப் பூங்காவின் பாறைப் பள்ளத்தாக்குகளில் வளர்வது. கணுவுக்கு நான்கு இலை, தேடினால்தான் தெரியும் பூ, காய் முழுக்க வெள்ளை மயிர். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. காப்பிச் செடியும் இதே குடும்பம்தான் என்றால்தான் சிலர் நிமிர்ந்து பார்க்கிறார்கள். கலிஃபோர்னியா 1979-இலேயே இதை அரிய தாவரமாக அறிவித்துவிட்டது. அனுமதியின்றி ஒரு கிள்ளுகூடப் பறிக்கக் கூடாது. ஆக, இது எங்கெங்கே வளர்ந்தது என்று அறிய, முன்னோர் அழுத்தி ஒட்டிவைத்த ஹெர்பேரியம் (உலர்செடிக் காப்பகம்) தாள்கள்தான் நமக்குக் கைமுதல்.

இணையத்தில் இருக்கும் தாள் பதிவுகளை எண்ணினால் போதாதா என்றார் ஒருவர். போதாது. ஒருவர் ஒரே நாளில் தம் ஒரே சேகரிப்பு எண்ணில் சேகரித்த செடியின் தாள்கள் இரண்டு மூன்று ஹெர்பேரியங்களுக்குப் பிரிந்து போயிருக்கும். அப்படியே எண்ணினால் ஒன்று மூன்றாகிவிடும். துணையினப் பெயர் தாவரவியலாளர்கள் டெம்ப்ஸ்டரும் ஸ்டெபின்ஸும் பின்னால் வைத்தது. முந்தைய தாள்களில் அது இருக்காது. தாளில் ஒட்டிய விவரச் சீட்டில் 'பாம் கேன்யன், பாறை இடுக்கு' என்று மட்டும் இருந்தால் அது நம் பொரேகோ பாம் கேன்யனா, வடக்கே பாம் ஸ்பிரிங்ஸ் அருகே உள்ளதா? கவுண்டி (மாவட்டம்) பெயர், உயரம், அதே ஆள் முந்தைய எண், அடுத்த எண் செடிகளை எங்கே எடுத்தார் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் பிடிபடும். இதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் படிக்க, ஒருவர் பதிய. பாலைவனம் பூத்தால் கேமராவோடு ஓடிவருகிறவர்களுக்கு, சீட்டு படிக்க வாருங்கள் என்றதும் முழங்கால் வலி வந்துவிடுகிறது. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு முழங்கால் எதற்கு?

வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. மீதியைப் பொருளாளர் சொல்வார். சந்தா பாக்கிக்காரர்கள் பெயரை எழுதவில்லை. அவர்களுக்கே தெரியும்.

தலைவர், பொருளாளர், தேநீர் ஏற்பாடு செய்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நான்தான் செயலாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. யாராவது முன்வந்தால் கோப்புகளை மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். யாரும் வராவிட்டால், மாதம் ஒரு மாலை எதிர் நாற்காலியில் உட்கார ஓர் ஆளையாவது கொடுங்கள். வரும்போது சந்தாவையும் கொண்டுவரலாம்.